கற்றல் குறைபாடு: சொல் விளக்கம்

‘லேர்னிங் டிஸெபிலிட்டி’ என்ற சொல் பரவியது ஒரு பெற்றோர் மாநாட்டிலிருந்து. 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் சிகாகோவில், பிள்ளைகளுக்கு ஏன் படிப்பு ஏறவில்லை என்று புரியாமல் தவித்த பெற்றோர் ஒன்று கூடினார்கள். அதுவரை ‘மூளைப் பாதிப்பு’, ‘புலனறிவுக் கோளாறு’ என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே பேசிய உளவியலாளர் சாமுவேல் கிர்க், பேச்சு, மொழி, வாசிப்பு ஆகியவை வளர்வதில் சிக்கல் உள்ள பிள்ளைகளைக் குறிக்க இந்தச் சொல்லைத் தாம் பயன்படுத்துவதாகச் சொன்னார். பார்வை, செவித்திறன் இழப்பும் அறிவுத்திறன் குறைபாடும் இதில் சேராது என்றும் பிரித்துக் காட்டினார். பெற்றோர் அந்தப் பெயரிலேயே சங்கம் அமைத்துப் பள்ளிகளிடமும் அரசிடமும் உரிமை கேட்கத் தொடங்கினார்கள்.

‘டிஸ்லெக்சியா’ இதைவிடப் பழைய சொல். ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1880களில் உருவாக்கியது. கிரேக்கத்தில் ‘டிஸ்’ என்றால் கடினம், ‘லெக்சிஸ்’ என்றால் சொல். கற்றல் குறைபாட்டில் வாசிப்பைப் பாதிக்கும் வகை இது. எழுத்தையும் கணக்கையும் பாதிக்கும் வகைகளும் உண்டு.

தமிழில் ‘கற்றல் குறைபாடு’, ‘கற்றல் இயலாமை’, ‘கற்றல் இடர்பாடு’ என்று மூன்றும் புழங்குகின்றன. இயலாமை வேண்டவே வேண்டாம். இந்தப் பிள்ளைகளால் கற்க இயலும். பிள்ளையிடம் பேசும்போது ‘இடர்பாடு’ நல்ல சொல். பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்றே எழுதுங்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் அதுவும் ஒன்று. அதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை.

நம் பள்ளிகளில் அடிக்கடி காதில் விழுவது ‘மெல்லக் கற்போர்’ என்ற சொல். அதுவும் கற்றல் குறைபாடும் ஒன்றல்ல. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பாடத்தில் வந்த கதையை வாயால் கோவையாகச் சொல்வாள். எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் நகராது. ‘கொடி’ என்பது ‘கெடி’ ஆகும், ஆங்கிலத்தில் ‘b’யும் ‘d’யும் இடம் மாறும். அவளை மெல்லக் கற்போர் பட்டியலில் போட்டால் கிடைப்பது மாலையில் அதே பாடத்துக்கு இன்னொரு சிறப்பு வகுப்புதான். அவளுக்கு வேண்டியது வேறு முறையில் கற்பித்தல். அந்தப் பட்டியலை வைத்துச் சட்டப்படி எதுவும் கேட்கவும் முடியாது.

கற்றல் குறைபாடு என்று மதிப்பீட்டில் உறுதியானால் கேட்கலாம். அதைச் சீக்கிரமே கண்டறிந்து ஏற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்று சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை 17ஆம் பிரிவில் வருகின்றன. பொதுத்தேர்வு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். ‘சரியாகப் படிக்கவில்லை’ என்று பொதுவாக எழுதாமல், மதிப்பீட்டு அறிக்கையின் நகலோடு எந்தச் சலுகை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், கடிதத்தின் இன்னொரு பிரதியில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பாசிரியர் மாறும்போது அது உதவும்.