தெரியாத சொல்லுக்கு இரண்டு சாட்சிகள்

"வெயில் ஏற ஏற, நெற்றியில் வழிந்த நிமளையைத் துண்டால் துடைத்துக்கொண்டே அவன் நடந்தான்." நிமளை என்றொரு சொல் வழக்கில் இல்லை, இக்கட்டுரைக்காகப் புனைந்தது. ஆயினும் அது வியர்வையைக் குறிக்கிறது என்று உணர யாருக்கும் நேரம் பிடித்திருக்காது. எப்படி உணர்ந்தோம் என்று நிதானமாகப் பார்த்தால், வேலை இரு பக்கத்திலிருந்தும் நடந்திருப்பது தெரியும். வெயில், நெற்றி, வழிதல், துடைத்தல் என்னும் சுற்றுச்சொற்கள் பொருளை நெருக்கிக் கொண்டுவந்தன. சொல்லின் இறுதியில் நின்ற 'ஐ' உருபோ, இது பெயர்ச்சொல், துடைக்கப்படும் பொருள் என்று காட்டிக்கொடுத்தது. ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கச் சொல்லித்தரப்படும் சூழற்குறிப்பு, சொல்லுறுப்பு என்னும் இரு வழிகளும் இதே திறனின் இரு கைகள்தாம். தாய்மொழியில் தானாக நடப்பதைப் பிறமொழியில் அறிந்து செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

முதலில் சூழலைப் பார்ப்போம். எழுதியவரே காற்புள்ளி இட்டுப் பொருளையும் சொல்லிவிடுவது உண்டு. எடுத்துக்காட்டுகளை அடுக்கிக் காட்டுவதும் உண்டு. இவ்விரண்டையும் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நுட்பமானது முரண். அண்ணன் ஓயாமல் பேசுபவன், தம்பியோ டாசிடர்ன் என்று ஓர் ஆங்கில வாக்கியம் சொன்னால், இரண்டையும் இணைக்கும் 'பட்', 'ஆல்தோ', 'அன்லைக்' போன்ற சிறு சொல்லே திறவுகோல் ஆகிறது. தம்பி பேசாதவன் என்பது அந்தத் திருப்பத்திலிருந்து கிடைக்கிறது. கடினமான சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இந்தச் சிறு சொற்களைத் தவறவிடுகிறார்கள்.

ஆனால் சூழல் எப்போதும் நல்ல சாட்சி அன்று. அமெரிக்க ஆய்வாளர் ஐசபெல் பெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983இல் சூழல்களை நான்காகப் பிரித்தார்கள்: பொருளை நேரே காட்டுபவை, மேலோட்டமாகக் காட்டுபவை, எதையும் காட்டாதவை, தவறான பக்கம் திருப்பிவிடுபவை. கடைசி வகையே ஆபத்தானது. பரிசு கிடைத்த மகிழ்ச்சியில் கூடமே ஆரவாரிக்கிறது, மூலையில் ஒருவர் மொரோஸாக அமர்ந்திருக்கிறார் என்று படிக்கும் ஒருவர், அவரும் மகிழ்ந்திருக்கிறார் என்றே கொள்ளக்கூடும். சொல்லின் பொருளோ அதற்கு நேர்மாறு: முகம் வாடிய, சிடுசிடுத்த. கதை எழுதுபவர் கதையை நடத்தவே எழுதுகிறார். சொல்லுக்குப் பொருள் விளங்க வேண்டும் என்று எழுதுவதில்லை.

சூழல் உதவ வேண்டுமானால் அந்தச் சூழலே முதலில் புரிய வேண்டும் என்னும் எளிய கணக்கும் இருக்கிறது. சொல்வள ஆய்வில் முன்னோடியான பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, பிறர் துணையின்றி ஒரு நாவலையோ செய்தித்தாளையோ படிக்க, அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும்; ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். 98 சதவீதம் என்றால் 50 சொற்களுக்கு ஒன்று தெரியாது. 300 சொற்கள் உள்ள பக்கத்தில் 6 இடங்களில் தடுக்கும். 90 சதவீதமே தெரியும் என்றால் அதே பக்கத்தில் 30 ஓட்டைகள் விழும்; ஓர் ஓட்டையை அடைக்க அடுத்த ஓட்டையிலிருந்தா துணி எடுப்பது? 'சூழலை வைத்து ஊகித்துக்கொள்' என்று தொடக்க நிலையில் இருப்பவரிடம் சொல்வது பல நேரங்களில் பயனற்ற அறிவுரையாகப் போவதற்கு இதுவே காரணம்.

இங்கேதான் சொல்லின் உள்ளமைப்பு கைகொடுக்கிறது. பகுதி, விகுதி என்று சொல்லைப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் பழகிய வேலை. ஆங்கிலத்தில் வேறுபாடு என்னவென்றால், பொருளை மாற்றும் ஒட்டுகள் பெரும்பாலும் முன்னால் வருகின்றன. பின்னால் வருபவை சொல்லின் இலக்கண வகையையே மிகுதியாக மாற்றுகின்றன. முன்னொட்டுகளின் எண்ணிக்கையும் அச்சுறுத்துவதன்று. பள்ளிப் பாடநூல்களின் ஆங்கிலத்தை ஆராய்ந்து 1989இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், முன்னொட்டு பெற்ற சொற்களில் 97 சதவீதம் வெறும் 20 முன்னொட்டுகளுக்குள் அடங்கின. அன், ரி, இன், டிஸ் ஆகிய நான்கு மட்டுமே 58 சதவீதத்தைத் தாங்கின. பின்னொட்டுகளைவிட முன்னொட்டுகளிலிருந்து தொடங்குவதே நல்லது என்று நான் கருதுவதற்கு இந்த எண்கள் போதும்.

மறுப்பைக் குறிக்கும் 'இன்' முன்னொட்டு, இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் என்று உருமாறி வருவது பலரைக் குழப்புகிறது. தமிழ் அறிந்தவர் குழம்பத் தேவையில்லை. மரம் என்பதோடு 'கள்' சேர்ந்தால் மரங்கள் ஆகிறது. வரும் ககரத்துக்கு இசைய மகரம் ஙகரமாகத் திரிகிறது. அதே புணர்ச்சிதான் இங்கும்: 'பி' வந்தால் 'எம்' ஆகவும், 'எல்' வந்தால் 'எல்' ஆகவும், 'ஆர்' வந்தால் 'ஆர்' ஆகவும் 'என்' திரிகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பழிப்போர் கவனிக்கத் தவறும் நன்மை ஒன்றும் உண்டு. 'சைன்' என்னும் சொல்லில் எழுதப்பட்டும் ஒலிக்காமல் கிடக்கும் 'ஜி', 'சிக்னேச்சர்', 'சிக்னல்' என்று வரும்போது எழுந்து ஒலிக்கிறது. காதுக்கு வேறாகிவிட்ட உறவைக் கண்ணுக்கு அந்த எழுத்து காத்துத் தருகிறது.

மனம் உண்மையிலேயே சொல்லைப் பிரித்துத்தான் படிக்கிறதா என்று மார்கஸ் டாஃப்ட், கென்னத் ஃபார்ஸ்டர் என்னும் இருவர் 1975இல் சோதித்தார்கள். 'ரிஜுவனேட்' என்பதிலிருந்து 'ரி'யைக் கழித்தால் 'ஜுவனேட்' மிஞ்சும். 'ரெப்பர்ட்வார்' என்பதிலிருந்து அதே இரண்டு எழுத்துகளைக் கழித்தால் 'பர்ட்வார்' மிஞ்சும். இரண்டும் ஆங்கிலத்தில் தனிச்சொற்கள் அல்ல. ஆயினும் 'இது சொல் அன்று' என்று முடிவெடுக்க, முதல் வகைக்குப் படிப்பவர்கள் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். அங்கே 'ரி' உண்மையான முன்னொட்டு, 'ஜுவனேட்' உண்மையான அடி. மனத்தின் சேமிப்பில் அந்த அடி இருப்பதால்தான் அதை மறுக்கத் தயக்கம் வந்தது என்று அவர்கள் விளக்கினார்கள்.

சொல்லுறுப்பும் ஏமாற்றும். 'இன்ஃப்ளேமபிள்' என்பதைக் கண்டு, 'இன்' மறுப்பு, ஆகவே எரியாதது என்று கொண்டால் உயிருக்கே தீங்காகும்; எளிதில் தீப்பற்றுவது என்பதே அதன் பொருள், ஏனெனில் இந்த 'இன்' மறுப்பின் 'இன்' அன்று, உள்ளே என்னும் பொருளுடைய வேறொரு லத்தீன் முன்னொட்டு. இத்தகைய பொய்த்தெளிவை ஆராய்ந்த பாட்டியா லாஃபர், 'அவுட்லைன்' என்பதை வரிசைக்கு வெளியே என்றும், 'ஷார்ட்கமிங்ஸ்' என்பதைக் குறுகிய வருகைகள் என்றும் மாணவர்கள் பொருள்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார். தெரியாத சொல் என்று உணர்ந்தவர் நின்று யோசிப்பார். தெரியும் என்று நம்பியவரோ நிற்காமலே கடந்துவிடுவார். மேலும் 'புட்', 'கெட்' போன்ற எளிய வினைகள் சிறு சொற்களோடு சேர்ந்து உருவாக்கும் தொடர்களுக்குப் பிரிப்பு வேலைக்கே ஆகாது.

ஆக, இரண்டு சாட்சிகளும் தனித்தனியே நம்பத்தகாதவை. ஒன்றை மற்றொன்றால் குறுக்கு விசாரணை செய்தால் நிலைமை மாறுகிறது. பெனிவலண்ட் அரசி பகைவரை மன்னித்தாள், பசித்தவர்களுக்குக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டாள் என்று ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். சூழல் மட்டும் நான்கைந்து விடைகளைத் தருகிறது: கருணையுள்ள, செல்வமிக்க, அறிவுள்ள, புகழ் விரும்பும். இப்போது சொல்லுக்குள் புகுந்தால், 'பெனெ' என்பது 'பெனிஃபிட்' என்பதில் பார்த்த நன்மை. 'வல்' என்பது 'வாலண்டியர்' என்பதில் உள்ள விருப்பம். நன்மை விரும்புவது என்று கிடைக்கிறது. செல்வமும் அறிவும் புகழும் விலகிவிடுகின்றன. அதோடு நில்லாமல், தீமையைக் குறிக்கும் 'மல்' முன்னே நிற்கும் 'மலெவலண்ட்' என்னும் சொல்லையும், அதை ஒருமுறையேனும் காணும் முன்பே, பாதி அறிந்தவராகிறோம்.

பாதி என்று சொன்னது தன்னடக்கத்துக்காக அன்று. சூழலிலிருந்து சொல் கற்பது குறித்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1999இல் வெளியான தொகுப்பாய்வு, இயல்பாகப் படிக்கும்போது எதிர்ப்படும் புதுச்சொற்களில் ஏறத்தாழ 15 சதவீதமே கற்கப்படுகின்றன என்று கண்டது. முதல் சந்திப்பில் இது நல்ல பொருளுடையது என்ற அளவே பதியும். பின்வரும் சந்திப்புகளில் யாரைப் பற்றிச் சொல்லலாம், எந்தச் சொல்லோடு சேரும் என்பவை படியும். ஊகித்த பிறகு அகராதியைப் பார்ப்பதே சரியான வரிசை. நெதர்லாந்து ஆய்வாளர் யான் ஹுல்ஸ்டெய்ன் 1992இல் வெளியிட்ட சோதனைகளில், தானே ஊகித்தறிந்த பொருள், கையில் கொடுக்கப்பட்ட பொருளைவிட நன்றாக நினைவில் நின்றது. தவறாக ஊகிக்கும் அபாயமும் அவற்றிலேயே தெரிந்தது.

அகராதியைத் திறந்தவர் பொருளோடு மூடிவிடாமல், சொல் பிறந்த கதையைச் சொல்லும் வரியையும் படிக்கலாம். 'ஹெலிகாப்டர்' என்பதை ஆங்கிலம் பேசுவோரே 'ஹெலி', 'காப்டர்' என்று பிரித்துக்கொண்டு, 'ஹெலிபேட்', 'ஹெலிபோர்ட்' என்று புதுச்சொற்கள் படைத்துவிட்டார்கள். கிரேக்க மூலத்தின்படி பிரிவு 'ஹெலிகோ', 'ப்டர்' என்பது, சுருள், சிறகு. சிறகுவிரல் என்று பொருள்படும் 'டெரோடாக்டைல்' என்னும் பறக்கும் தொல்லுயிரியின் பெயரில் முதலெழுத்தாக எழுதப்பட்டும் ஒலிக்காமல் நிற்கும் 'பி', ஹெலிகாப்டரின் நடுவே அதே சிறகில்தான் ஒலிக்கிறது.