வீட்டுத் தோட்டத்துக்கு விலக்கு, கடை மருந்துக்கு விதி: பூச்சிக்கொல்லிச் சட்டம் சொல்வது

இந்தியாவில் பூச்சிக்கொல்லித் தயாரிப்பும் விற்பனையும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆனால் சொந்த வீட்டுத் தேவைக்கோ, காய்கறித் தோட்டத்துக்கோ, தான் பயிரிடும் நிலத்துக்கோ ஒருவர் மருந்து அடிப்பதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 38-ஆவது பிரிவு சொல்கிறது. மாடியில் நாலு கத்தரிச் செடி வைத்திருப்பவர் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து வடிகட்டினால் 5 சதவீதச் சாறு கிடைக்கும். கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் இலையில் நன்றாக ஒட்டும். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி இலையின் அடிப்பக்கத்தில்தான் கூட்டமாக இருக்கும். அங்கே படும்படி மாலையில் தெளியுங்கள். வெயிலில் வேம்பின் வீரியம் சீக்கிரம் குறைந்துவிடும், பகலில் தேனீக்களும் பூவுக்கு வரும்.

அதே சாறைப் பாட்டிலில் அடைத்து ‘பூச்சி விரட்டி’ என்று விற்க முடியாது. பூச்சியைக் கொல்வது மட்டுமல்ல, விரட்டுவதும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. வேம்பு மருந்தானாலும், பிவேரியா, டிரைகோடெர்மா போன்ற உயிரி மருந்தானாலும், மத்தியப் பதிவுக் குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். கடைக்காரருக்கும் உரிமம் வேண்டும். ‘இது ஆர்கானிக், பதிவெல்லாம் தேவையில்லை’ என்று யாராவது சொன்னால் நம்பி வாங்காதீர்கள். பதிவு எண் இல்லாத பாட்டிலுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

சரி, லேபிளில் எதைப் பார்ப்பது? பதிவு எண், தொகுப்பு எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி. வேம்பு மருந்தென்றால் அதில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் பொருளான அசாடிராக்டின் அளவையும் பாருங்கள்: 300, 1500, 10000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று வெவ்வேறு வீரியத்தில் வருகிறது. ஒன்றுக்குச் சொன்ன அளவை இன்னொன்றுக்குப் போட்டால் இலை கருகலாம், அல்லது பூச்சிக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம்.

அப்புறம் அந்த வண்ண முக்கோணம். 1971-ஆம் ஆண்டு விதிகளின்படி, சாய்ந்த சதுரத்தின் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை இவற்றில் ஒன்று இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அதற்கு மேலே மண்டையோட்டுப் படமும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பச்சை என்றால் இயற்கை மருந்து என்று பொருளில்லை. உடலுக்குள் போனால் உடனடியாக ஏற்படும் நச்சுத்தன்மை குறைவு, அவ்வளவுதான். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லிகள் பலவற்றிலும் பச்சைதான் இருக்கும். தேனீக்கு ஆபத்தா, அடித்த பின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதெல்லாம் முக்கோணத்தில் தெரியாது; உள்ளே வரும் துண்டுச் சீட்டைத்தான் படிக்க வேண்டும். நஞ்சுமுறி மருந்து எது என்ற விவரமும் அதில் இருக்கும். லேபிளும் சீட்டும் அந்தந்தப் பகுதி மொழியிலும் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. தமிழ் இல்லாவிட்டால் கடையில் தயங்காமல் கேளுங்கள்.

பில் வாங்குவதும் உங்கள் உரிமை. பெரிய டின்னிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றித் தருவது விதிமீறல், உண்மையிலேயே ஆபத்தும்கூட: லேபிள் இல்லாத பாட்டிலை வீட்டில் யாராவது தண்ணீரென்று எடுத்துவிடலாம். போலி மருந்து என்று சந்தேகம் வந்தால் பில்லையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போங்கள். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு உண்டு.