இளைஞர் விருதும் என்.எஸ்.எஸ். சான்றும்: வடசென்னை மாணவர்களை மடக்கும் காகிதங்கள்

பெருமழை கொட்டினால் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் முதலில் தண்ணீரில் இறங்குவது அந்தத் தெருக்களின் கல்லூரிப் பிள்ளைகள்தான். அரசின் விருதுப் பட்டியலில் அவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. சேவை போதாமல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கோப்பைப் பிரித்துப் படிக்கும் முன்பே ஏதோ ஒரு தாளில் அது நின்றுவிடுகிறது. எந்தத் தாள் என்பதுதான் இங்கே விஷயம்.

தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் மாநில இளைஞர் விருது 2015 முதல் சுதந்திர தினத்தன்று வழங்கப்படுகிறது. 3 ஆண்கள், 3 பெண்கள், ஒவ்வொருவருக்கும் ரூ.1 லட்சம், பாராட்டுப் பத்திரம், பதக்கம். விண்ணப்பம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளம் வழியாக. மாநிலம் முழுமைக்கும் 6 பேர்தான் என்பதால் எல்லாம் சரியாக இருந்தும் கிடைக்காமல் போகலாம், அது வேறு. தகுதி இருந்தும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

வயது 15 முதல் 35 வரை. ஏப்ரல் 1 அன்று 15 நிரம்பியிருக்க வேண்டும், மார்ச் 31 அன்று 35ஐத் தாண்டியிருக்கக் கூடாது. கல்லூரி மாணவருக்கு இதில் சிக்கல் இல்லை. சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது.

கடந்த நிதியாண்டு மட்டும்

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, அதாவது முடிந்துபோன நிதியாண்டில் செய்த சேவை மட்டுமே கணக்கு. மூன்று வருடப் படங்களையும் சான்றுகளையும் மூட்டை கட்டிக் கொடுத்தால் கோப்பு பருமனாகும், மதிப்பு ஏறாது. மிக்ஜாம் புயல் வந்தது 2023 டிசம்பரில். வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படிந்து மீனவக் குப்பங்களின் பிழைப்பைக் கெடுத்ததும் அப்போதுதான். அந்த வாரங்களில் அரிசி சுமந்தவர், படகு துடைக்க உதவியவர், மருத்துவ முகாமுக்கு ஆள் சேர்த்தவர் யாராக இருந்தாலும் அந்த உழைப்பு 2023-24 நிதியாண்டுக்கு உரியது. 2024 விருதுக்கு அது கணக்கில் வரும். 2025 விண்ணப்பத்தில் அதை முதல் பக்கத்தில் வைத்தால், படிப்பவர் அந்தப் பக்கத்தை அப்படியே தள்ளிவிடுவார்.

அறிவிப்பு வெளியாவது பெரும்பாலும் கோடையில். அப்போது பருவத் தேர்வு நடக்கும், அல்லது கல்லூரி விடுமுறையில் இருக்கும். கல்லூரி முதல்வர் விடுப்பில், அலுவலகத்தில் ஒரே ஒரு எழுத்தர், முத்திரை பூட்டிய மேசையில். பள்ளித் தலைமை ஆசிரியரும் அகப்பட மாட்டார். ஆகவே கடிதங்களை அறிவிப்புக்காகக் காத்திருந்து வாங்கக் கூடாது. வேலை முடிந்த வாரத்திலேயே ஒன்று, மார்ச் கடைசிக்குள் முழு ஆண்டுக்கும் சேர்த்து ஒன்று என வாங்கிவிடுங்கள்.

ஐந்தாண்டுக் குடியிருப்பு

குறைந்தது 5 ஆண்டுகள் தமிழ்நாட்டில் வசித்திருக்க வேண்டும், அதற்குச் சான்று இணைக்க வேண்டும். படிக்க எளிது. வடசென்னையில் இதுதான் பலரை அலைய விடுகிறது.

இ-சேவை மையத்தில் "நேட்டிவிட்டி போதும் தம்பி" என்பார்கள். போதாது. பிறப்பிடச் சான்று நீங்கள் எந்த ஊரைச் சேர்ந்தவர் என்று சொல்கிறது. எத்தனை ஆண்டாக எங்கே குடியிருக்கிறீர்கள் என்று சொல்வது இருப்பிடச் சான்று. கேட்கும்போதே "இருப்பிடச் சான்று" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மையக் கட்டணம் ரூ.60. தவறான சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேசை மேசையாக அது நகர்வதைப் பார்த்துக் கிடந்தால், சான்று கையில் வரும் நாளில் விருதுக்குக் கடைசித் தேதி போயிருக்கும்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு கண்ணி. பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும்போது குடும்பம் இரண்டு மூன்று ஆண்டு வாடகை வீட்டில் இருக்கும். ஆதார் பழைய பிளாக்கின் பெயரில், ரேஷன் கார்டு வேறு தெருவில். விசாரணைக்கு வருபவர் பழைய முகவரிக்குப் போனால் அங்கே கம்பியும் ஜல்லியும்தான் கிடக்கும். "இந்த முகவரியில் வசிக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். இப்படிப்பட்டவர்கள் வாரியம் கொடுத்த ஒதுக்கீட்டு ஆணை, காலி செய்யச் சொன்ன கடிதம், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் விண்ணப்பத்தோடு சேர்த்தே பதிவேற்ற வேண்டும். கேட்டால் தரலாம் என்று வைத்திருக்காதீர்கள். கேட்க மாட்டார்கள், நிராகரிப்பார்கள்.

திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர் பக்கத்தவர் ஆதாரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இந்தப் பகுதிகள் 2011இல் மாநகராட்சிக்குள் வந்தன. ஆனால் வட்டங்களாகச் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது 2018இல்தான். பழைய அட்டைகளில் இன்றும் "திருவள்ளூர் மாவட்டம்" என்றே இருக்கும். விருது அறிவிப்பு மாவட்ட வாரியாக வருகிறது. அட்டையில் ஒரு மாவட்டம், விண்ணப்பத்தில் ஒரு மாவட்டம் என்றால் கேள்வி வரும். முகவரியை முதலில் திருத்துங்கள். ஆதார் திருத்தத்துக்கு ஆகும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டு, மீஞ்சூரில் வீடு உள்ளவர்கள் இன்றும் திருவள்ளூர் மாவட்டம்தான், கல்லூரி பிராட்வேயில் இருந்தாலும்.

அளவிடக்கூடிய சேவை

செய்த தொண்டு கண்டறியக்கூடியதாகவும் அளவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது விதியில் உள்ள வாசகம். "இவர் நற்குணமுள்ளவர், சமூக அக்கறை கொண்டவர், இவர் வாழ்வில் சிறக்க வாழ்த்துகிறேன்" என்று ஒரு கடிதம் எல்லோரிடமும் இருக்கும். அதில் அளக்க என்ன இருக்கிறது?

கடிதம் கேட்கும்போதே வரைவை நீங்கள் எழுதிக்கொண்டு போங்கள். எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை பேர் பயன்பெற்றார்கள், அதில் உங்கள் வேலை என்ன. நிறுவனத் தாளில், தேதி, கையெழுத்து, முத்திரை, கையெழுத்திட்டவரின் அலுவலகத் தொலைபேசி. முத்திரை இல்லாத கடிதம் வெறும் கடிதம். மாலை வகுப்பு நடத்துபவர் என்றால் பிள்ளைகளின் வருகைப் பதிவு நோட்டு ஒன்று போதும், பத்துப் புகைப்படங்களைவிட அது கனம். அந்தப் பிள்ளைகள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. கடற்கரையோ கால்வாயோ சுத்தம் செய்தால் எத்தனை மூட்டை குப்பை, எந்த வண்டி எடுத்துப்போனது என்று அன்றைக்கே வார்டு அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் அங்கே யாருக்கும் நினைவிருக்காது.

ரத்த தானம் எழுதுபவர்கள் கணக்கைச் சரிபார்க்கவும். ஆண்களுக்கு இரண்டு தானங்களுக்கு இடையே 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். "ஓராண்டில் 8 முறை" என்று ஆர்வத்தில் எழுதினால் அந்த ஒரு வரி மொத்த விண்ணப்பத்தையும் சந்தேகத்தில் தள்ளும். ஸ்டான்லி மருத்துவமனை ரத்த வங்கியில் கொடுத்திருந்தால் ஒவ்வொரு முறைக்குமான அட்டையையும் பத்திரமாக வையுங்கள். முகாம் ஏற்பாடு செய்தவர் என்றால் தேதி, யூனிட் எண்ணிக்கையோடு தனிச் சான்று கேளுங்கள். ஏற்பாட்டாளர் வேறு, கொடையாளர் வேறு.

நண்பர்களாகச் சேர்ந்து வேலை செய்வதுதான் இங்கே வழக்கம். காகிதம் மன்றத்தின் பெயரில் வரும். விருது தனிநபருக்கு. "எங்கள் பகுதி இளைஞர்கள்" என்று எழுதிய கடிதம் யாருக்கும் உதவாது. ஒவ்வொருவர் பெயரும் பொறுப்பும் கடிதத்தில் தனித்தனியே இருக்க வேண்டும். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

உள்ளூர் மக்களிடம் உள்ள செல்வாக்கும் பார்க்கப்படும். இது கட்சிக்காரரின் சிபாரிசு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்தில் உங்களைத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் ஆதாரில் உள்ள பெயரைச் சொன்னால் சொந்தத் தெருவிலேயே யாருக்கும் தெரியாத பிள்ளைகள் இங்கே ஏராளம். விசாரிக்க வருபவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார். டீக்கடை, அயர்ன் கடை, அங்கன்வாடி என மூன்று இடத்திலாவது முழுப்பெயரைச் சொல்லி வையுங்கள்.

வகுப்புப் பிரதிநிதி, மன்றச் செயலாளர், கலைவிழா ஒருங்கிணைப்பாளர் போன்ற பதவிகளை ஒரு வரியில் முடித்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்குள் அது தலைமைப் பண்பு. இந்த விருதுக்கு வேண்டியது கல்லூரி மதிலுக்கு வெளியே நடந்தது.

மத்திய, மாநில அரசு, பொதுத்துறை, பல்கலைக்கழகம், கல்லூரி, பள்ளி ஆகியவற்றில் பணிபுரிவோர் விண்ணப்பிக்க முடியாது. மணலி, எண்ணூர் ஆலைகளில் அப்ரண்டிஸாக இருப்பவரை "நீ பொதுத்துறை ஆள்" என்று கவுன்ட்டரிலேயே அனுப்பிவிடப் பார்ப்பார்கள். தொழிற்பழகுநர் சட்டம், 1961இன் 18ஆம் பிரிவு பழகுநரைப் பயிற்சி பெறுபவர் என்றுதான் சொல்கிறது, தொழிலாளி என்று அல்ல. பயிற்சி ஒப்பந்தத்தின் நகலோடு இந்தப் பிரிவு எண்ணையும் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள். வாயால் வாதாடினால் வாயாலேயே மறுப்பார்கள்.

என்.எஸ்.எஸ். மணிக்கணக்கு

நாட்டு நலப்பணித் திட்டச் (என்.எஸ்.எஸ்.) சான்றுக்குக் கணக்கு இதுதான்: ஆண்டுக்கு 120 மணி நேரம், 2 ஆண்டில் 240, கூடவே ஒரு 7 நாள் சிறப்பு முகாம். 120இல் அறிமுகப் பயிற்சிக்கு 20, கல்லூரி வளாகப் பணிக்கு 30, சமூகப் பணிக்கு 70. கல்லூரி விழாவில் நாற்காலி அடுக்கியதும் விருந்தினருக்குப் பன்னீர் தெளித்ததும் அந்த 30க்குள் அடங்க வேண்டியவை. வருடம் முழுக்க அதையே செய்யவைத்துவிட்டு கடைசியில் "சமூகப் பணி மணி குறைகிறது" என்று மாணவர் தலையில் கட்டுவது உண்டு. முதல் பருவம் முடியும்போதே பிரித்துப் பார்த்துக் கேளுங்கள்.

ஓர் அலகில் 100 பேர்; முகாமுக்கு ஆண்டுதோறும் பாதிப்பேர், அதாவது 50. முதலாண்டு பட்டியலில் பெயர் வரவில்லையா, இரண்டாமாண்டு உங்கள் முறை. அதை எழுத்தில் நினைவூட்டுங்கள். அந்த முகாமும் தவறினால் 240 மணி நேரம் இருந்தும் சான்று வராது.

திட்ட அலுவலரின் பொறுப்புக்காலம் பொதுவாக 3 ஆண்டு. உங்கள் படிப்பின் நடுவில் ஆள் மாறுவது சகஜம். பழையவர் பதிவேட்டை ஒப்படைத்தாரா, புதியவர் வாங்கினாரா என்பதைச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். "அவர் காலத்துக் கணக்கு எனக்குத் தெரியாது" என்ற ஒரே பதிலில் ஓராண்டு உழைப்பு போய்விடும். பணி நாட்குறிப்பில் மாதாமாதம் கையெழுத்து வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயருள்ள பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். சான்று வருவது பல்கலைக்கழகத்திடமிருந்து. கல்லூரி அனுப்பும் பெயர்ப்பட்டியலில் இனிஷியல் மாறியிருந்தால் சான்றிலும் மாறியே வரும்; பட்டியல் போகும் முன்பே எட்டிப் பாருங்கள்.

இதோடு பட்டப்படிப்பின் பகுதி 5ஐக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழக விதிப்படி என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு, யூத் ரெட் கிராஸ் போன்ற ஏதாவது ஒன்றில் ஆண்டுக்குக் குறைந்தது 40 மணி நேரம் இருந்தால் அரை கிரெடிட், 2 ஆண்டில் 80 இருந்தால் 1 கிரெடிட். மதிப்பெண் பட்டியலில் அந்த 1 கிரெடிட் ஏறியதைப் பார்த்து "என் என்.எஸ்.எஸ். முடிந்தது" என்று இருந்துவிடுகிறார்கள். 80 வேறு, 240 வேறு. அதேபோல் 2023 அக்டோபரில் வந்த மத்திய அரசின் இளைஞர் தளமான மை பாரத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளும் சான்றும் பல்கலைக்கழகத்தின் என்.எஸ்.எஸ். சான்று ஆகாது. தேசிய என்.எஸ்.எஸ். விருதுக்குப் போக நினைப்பவருக்கும் அடித்தளம் இந்த 240 மணியும் முகாமும்தான்.

கல்லூரி "பல்கலைக்கழகத்தில் கேள்" என்னும்; சேப்பாக்கத்தில் உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போனால் "முதல்வர் மூலமாக வா" என்பார்கள். இந்தப் பந்தாட்டத்தில் நேரில் போவதை நிறுத்துங்கள். கல்லூரி முதல்வருக்கு மனு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட். பதில் இல்லை என்றால், அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் தகவல் உரிமைச் சட்டப்படி ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "எந்தத் தேதியில் என் பெயர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டது, அனுப்பிய கடிதத்தின் நகல் வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் தட்டிக்கழிக்க வழி கிடைக்கும், நகல் கேட்டால் கிடைக்காது. 30 நாள் கெடு. தாண்டினால் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை.

கடைசியாக, "இளம் சமூக சேவகர்", "சிறந்த மாணவத் தலைவர்" என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகள். பதிவுக் கட்டணம், கேடயச் செலவு, மேடைச் செலவு என்று ஆயிரம் இரண்டாயிரம் கேட்பார்கள். அரசு முத்திரை போலவே ஒரு சின்னமும் போட்டிருப்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு தரும் விருதை அரசு விருதுக்கான கோப்பில் இணைத்தால் மற்ற சான்றுகளின் மீதும் நம்பிக்கை குறையும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதை வீட்டு அலமாரியில் விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் மாலை வகுப்பின் வருகைப் பதிவேட்டு நகலை வையுங்கள்.