ஏரியல்னா வான்வழி இல்லைங்க, அலைவாங்கி

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல எங்க அக்கா வீடு. போன வாரம் அங்க டிவில படம் கட்டம் கட்டமா உடைஞ்சு அப்படியே நின்னு போச்சு. அக்காவும் மாமாவும் வேலைக்குப் போயிட்டாங்க, வீட்ல மாமியார் மட்டும்தான். அவங்களுக்கு இங்கிலீஷ் வராதுன்னு டிவியோட வந்த கையேட்டை அக்கா முன்னாடியே போன் ஆப்ல போட்டு தமிழாக்கி வச்சிருந்தா. அதுல முதல் வரியே "உங்கள் வான்வழி சரியாக இணைக்கப்பட்டுள்ளதா எனச் சரிபார்க்கவும்". இங்கிலீஷ்ல இருந்த 'ஏரியல்', அதாவது டிவி ஆன்டெனா, அதைத்தான் ஆப் இப்படி ஆக்கிடுச்சு. அந்தம்மா யோசிச்சுப் பாத்திருக்காங்க, வான்வழின்னா வானத்துலேந்து வர்றது, அப்ப டிஷ்ஷாதான் இருக்கும்னு, முன்ன குடியிருந்தவங்க சுவத்துல விட்டுட்டுப் போன பழைய டிஷ் ஒயரைப் பிடிச்சு அரை நாள் கழட்டி மாட்டிட்டு இருந்திருக்காங்க. கடைசில எனக்கு வீடியோ கால் வந்துது, டிவிக்குப் பின்னாடி காட்டச் சொன்னேன், ஏரியல் ஒயர் சாக்கெட்டை விட்டு பாதி வெளிய வந்து தொங்குது. அமுக்கினதும் படம் வந்துடுச்சு.

இந்த வான்வழியை நான் பாக்கறது இது முதல் தடவை இல்ல. டிவி மெனுல, கடை விளம்பரத்துல, கையேட்டுலன்னு எத்தனையோ இடத்துல பாத்தாச்சு. இனிமே சும்மா இருக்க முடியாது, அதான் எழுதறேன்.

பிறப்பை சுருக்கமா சொல்லிடறேன். ஏரியல்ங்கற சொல்லுக்கு மூலம் கிரேக்கத்துல காத்தைக் குறிக்கற சொல், லத்தீன் வழியா இங்கிலீஷுக்கு வந்தது. முதல்ல அது வெறும் அடைமொழி. காத்துல தொங்கற கம்பிக்கு 'ஏரியல் ஒயர்'னு சொல்லிட்டு இருந்து, பின்னாடி கம்பி உதிர்ந்து அடைமொழியே பேராயிடுச்சு. ஆன்டெனாவோட கதை வேற. லத்தீன்ல அது பாய்மரக் கப்பல்ல பாயைத் தாங்கற குறுக்குமரம், நம்ம கடலோரத்துல பருமல்னு சொல்றாங்களே அதேதான். 15ஆம் நூற்றாண்டுல தியோடர் காசாங்கற கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலை லத்தீனுக்குக் கொண்டுபோனப்ப பூச்சியோட கொம்புக்கு இந்தச் சொல்லைப் போட்டார், ஏன்னா கிரேக்கத்துல கொம்புக்கும் பருமலுக்கும் ஒரே சொல். இத்தாலியன்ல கம்பத்துக்கும் அதே பேர்தான், மார்க்கோனி 1895 வாக்குல கம்பம் நட்டு கம்பி கட்டி சோதனை பண்ணப்போய் அது ரேடியோவுக்கும் ஒட்டிக்கிச்சு.

சென்னைல இந்த ரெண்டு சொல்லும் ரெண்டு பொருளுக்குத்தான் இருந்துது. ஏரியல்னா ரேடியோவுக்கு, கூடத்துல இந்த சுவத்துலேந்து அந்த சுவத்துக்குக் கட்டற செப்புக் கம்பி வலைப்பட்டை. 1975 ஆகஸ்ட் 15ல இங்க தூர்தர்ஷன் வந்தப்புறம் மொட்டை மாடில ஏறினது ஆன்டெனா. ஜப்பான்காரங்க யாகி, உடா ரெண்டு பேரும் 1926ல வெளியிட்ட அமைப்பு அது, ஒரு தண்டு, அதுல குறுக்கு குறுக்கா அலுமினியக் குழாய். காக்கா உக்காந்து உக்காந்தே திரும்பிடும், அப்பா மேல ஏறி திருப்புவார், நான் கீழேந்து "வருது வருது, போச்சு"ன்னு கத்துவேன். 1982ல இலங்கை டிவி ரூபவாஹினி ஆரம்பிச்சப்புறம் எங்க தெருவுல பாதி பேர் அதைப் பிடிக்கறதுக்குன்னே கம்பத்தை உசத்தி பூஸ்டர் வச்சாங்க. அத்தனை வருஷத்துல யாரும் அதை வான்வழின்னு சொன்னதில்ல.

வான்வழில என்ன தப்பு? வழின்னா பாதை. வான்வழிப் பயணம், வான்வழித் தாக்குதல்னு செய்தில வருதே, அங்கெல்லாம் சரி. ஆனா அது கைல பிடிச்சு மாட்டற சாமான் கிடையாது. மொழிபெயர்க்கறவர் கைல ஒத்தைச் சொல்லா 'ஏரியல்'னு ஒரு பட்டியல் வருது, எந்த ஸ்கிரீன்ல எந்த இடத்துல வரும்னு யாரும் சொல்றதில்ல, அகராதில அடைமொழியைப் பாத்து எழுதிடறார். மெஷினும் அதையேதான் பண்ணுது. தரைவழி ஒளிபரப்புன்னு சொல்றோமே, அப்ப வான்வழியும் ஓகேதானேன்னு ஒருத்தர் கேட்டார். தரைவழிங்கறது அலை எப்படி வருதுன்னு சொல்றது, சேட்டிலைட் வழியா இல்லாம தரைல நிக்கற கோபுரத்துலேந்து வருதுன்னு அர்த்தம். அந்தத் தரைவழி டிவியோட ஒயரை வான்வழின்னு சொன்னா எதிர்ப்பதமா போயிடுது, அந்தம்மா டிஷ்ஷுக்குப் போனதுல அவங்க தப்பு துளியும் இல்ல.

இதைவிட எனக்கு ஆத்திரம் வர்றது உணர்கொம்பைப் பாத்துதான். இது ஆன்டெனாவுக்குப் படிச்சவங்க போடற சொல். இங்கிலீஷ்ல பூச்சிக்கும் டிவிக்கும் ஒரே சொல்தானே, தமிழ்லயும் ஒண்ணா இருக்கட்டும்ங்கறாங்க. ஏன் இருக்கணும்? மேல சொன்ன மாதிரி கப்பல், பூச்சி, கம்பம்னு அங்கங்க நடந்த தற்செயலால அவங்களுக்கு ஒண்ணாச்சு, நமக்கு அந்தச் சுமை எதுக்கு? இங்கிலீஷ்லயே பன்மை சொல்லும்போது பூச்சிக்கு ஆன்டெனீ, டிவிக்கு ஆன்டெனாஸ்னு பிரிச்சுடறாங்க, அவங்களே பிரிக்கறதை நாம ஒட்ட வைக்கறோம். கரப்பான்பூச்சி கொம்பால தொட்டு உணருது, மோப்பம் பிடிக்குது. டிவிக் கம்பி எதையும் தொட்டு உணரல, அலை வந்து படும்போது அதுல சின்னதா மின்சாரம் ஓடுது, ஒயர் வழியா அது பெட்டிக்குப் போகுது, அவ்வளவுதான். உணர்கொம்பு பூச்சிக்கு அருமையான சொல், அங்கயே இருக்கட்டும்.

ஆன்டெனாவுக்கு அலைக்கம்பம்னும் ஒண்ணு இருக்கு. கோபுரத்துக்கு வேணா பொருந்தும். இப்ப பிரிட்டன்ல டிவி அலை 470லேந்து 694 மெகாஹெர்ட்ஸுக்குள்ள, அதைப் பிடிக்கற கம்பி அரை அலைநீளம் இருந்தா போதும், அது ஏறக்குறைய ஒரு சாண்தான், ஜன்னல் ஓரத்துல தட்டையா ஒட்டி வச்சாலும் வேலை செய்யும். அதைப் போய் கம்பம்னு எப்படிச் சொல்றது?

எனக்குப் பிடிச்சது அலைவாங்கி. புதுசா நான் கண்டுபிடிச்சதில்ல, வானலை வாங்கின்னு நீளமா இருந்ததோட சுருக்கம். இடிதாங்கி, சுமைதாங்கி, ஒலிவாங்கி வரிசைல கேட்டதும் புரியுது, பாட்டிக்கும் புரியும். அனுப்பற இடத்துலயும் ஆன்டெனா இருக்கே, அது வாங்கலையேன்னு இஞ்சினியர் நண்பர் ஒருத்தர் மடக்கினார். நியாயமான கேள்விதான், ஒரே ஆன்டெனா அனுப்பவும் செய்யும் வாங்கவும் செய்யும். பாடப்புத்தகத்துல பொதுச் சொல் வேணும்னா ஆன்டெனான்னே எழுதுங்க, எனக்கு வருத்தமில்ல. ஆனா வீட்டு மாடில இருக்கறது வாங்க மட்டும்தான் செய்யுது, அதுக்கு அலைவாங்கின்னு சொன்னா என்ன குறை? தனித்தமிழ் வெறில சொல்லல, புரியணும்னு சொல்றேன். புரியாத தமிழுக்குப் புரியற ஆன்டெனா எவ்வளவோ மேல்.

டிஜிட்டல்ல இது இன்னும் முக்கியம். பழைய டிவில அலை குறைஞ்சா புள்ளி விழும், நிழல் விழும், ஆனாலும் படம் ஓடும், எந்தப் பக்கம் திருப்பினா சரியாகும்னு கண்ணே சொல்லிடும். டிஜிட்டல்ல ஓரளவு வரைக்கும் படம் பளிச்சுன்னு இருக்கும், அதுக்குக் கீழ போனா கட்டம் கட்டமா உடைஞ்சு ஒரேயடியா போயிடும். அப்ப எழுத்தைப் படிச்சுத்தான் சரி பண்ணணும், சொல் தப்பா இருந்தா கை தப்பான ஒயருக்குப் போகுது. அக்கா வீட்டு அலைவாங்கி தென்மேற்குல கிரிஸ்டல் பேலஸ் டிவி கோபுரத்தைப் பாத்து சரியாத்தான் நின்னுது, ஒயர்லயும் தண்ணி இறங்கல, கழண்டது ஒண்ணுதான் கோளாறு.

அதே கையேட்டுல அடுத்த வரி, "மீண்டும் இசைக்கவும்". ரீட்யூன் பண்ணுன்னு அர்த்தமாம். இசைங்கறதுக்குப் பொருந்துதல்னும் பொருள் இருக்கறது உண்மை, ஆனா ரிமோட் கைல வச்சிருக்கறவங்களுக்கு அது பாட்டுப் போடற பட்டன். நான் அந்தம்மாகிட்ட "சேனலை எல்லாம் திரும்பத் தேடச் சொல்லுங்கம்மா"ன்னேன். மெனுல படத்தைப் பாத்து அவங்களே தேட விட்டுட்டாங்க.