வட்டு ஏன் பதில் சொல்ல மறுக்கிறது?

ராயப்பேட்டையில் அச்சகம் நடத்தும் வாசகர் ஒருவர் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தார். லினக்ஸ் கணினியின் கறுப்புத் திரை. வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், எழுதும் வேலை ஒன்று 120 விநாடிகளுக்கும் மேலாக முடங்கிக் கிடப்பதாக எச்சரிக்கை. “கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் இருக்கிறது சார், வட்டு போய்விட்டதா?” என்று கேட்டிருந்தார்.

கோப்பைச் சேமித்தால் அது நேரே வட்டுக்குப் போவதில்லை. முதலில் நினைவகத்தில் தங்கும். சுமார் 30 விநாடி பழையதானதும், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை வட்டுக்குத் தள்ளும். ‘சேமித்தாயிற்று’ என்று திரை சொல்வது பெரும்பாலும் பாதி உண்மைதான்.

எனக்குப் பிடித்த இடம் இனிதான் வருகிறது. ஹார்ட் டிஸ்க்குக்குள்ளும் ஒரு குட்டிக் கணினி உண்டு; மகா பிடிவாதக்காரன். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால், ஒரே செக்டர், அதாவது தகவல் பதியும் சின்னஞ்சிறு துண்டு, விநாடிக்கு 120 முறை படிக்கும் தலைக்கு அடியில் வந்துபோகும். அதைப் படிக்க முடியாவிட்டால் வட்டு உடனே கைவிரிக்காது. அடுத்த சுற்றில் முயலும்; தலையை மயிரிழை நகர்த்தி மறுபடி முயலும். 30 விநாடி இப்படியே போனால் 3,600 சுற்று! ரேஷன் கடையில் கைரேகை பதியாத பெரியவர் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். பாமாயிலுக்கு வந்தவர்கள் பின்னால் நிற்கிறார்கள். எழுதும் கட்டளைகளின் கதியும் அதுதான்.

மேலே கெர்னலும் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஒரு கட்டளைக்கு அது வழக்கமாகத் தரும் கெடு 30 விநாடி. தாண்டினால் கட்டளையை ரத்து செய்யும், இணைப்பையே அறுத்து மறுபடி பிடிக்கும், திரும்பவும் அனுப்பும். மூன்று நான்கு முறை இது நடந்தாலே 120 விநாடி ஓடிவிடும். அப்போது கெர்னலின் காவல்காரர் பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறார். அவ்வளவுதான் அவர் வேலை. காத்திருக்கும் நிரலை அவர் தொடுவதில்லை. நீங்கள் கொல்ல நினைத்தாலும் வட்டிடமிருந்து பதில் வரும்வரை அது சாகாது.

இரட்டை நகல் வைக்கும் சேமிப்பகங்களுக்கான வட்டுகள் பல, 7 விநாடியிலேயே தோல்வியை ஒப்புக்கொள்ளும். பக்கத்து வட்டில் நகல் இருக்கும்போது வீம்பு எதற்கு?

வட்டு நலமாக இருந்து கேபிள் மட்டும் தளர்ந்திருந்தாலும் இதே எச்சரிக்கை வரும். வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பட்டியலில், கேபிள் வழிப் பிழைகளை எண்ணும் 199ஆம் வரி ஏறிக்கொண்டே போனால் ரிச்சி தெருவில் புதுக் கேபிள் வாங்கினால் போதும். படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களை எண்ணும் 197 ஏறினால் வட்டின் மீதே சந்தேகம். வாசகரின் பட்டியலில் 197க்கு நேரே 16 இருந்தது.

ஆயுத பூஜைக்குப் பெட்டி மேல் எலுமிச்சம்பழம் வைத்ததாகவும் எழுதியிருந்தார். வைக்கட்டும், காற்றுத் துளையை மறைக்காதவரை. எதற்கெடுத்தாலும் கணினியை அணைத்துப் போடுவதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய மூடநம்பிக்கை. எழுத முடியவில்லை என்ற செய்தியையும் அதே வட்டில்தானே எழுத வேண்டும்? அணைத்தால் தடயம் அதோடு போயிற்று. அவர் படம் பிடித்துவைத்தது நல்லதாயிற்று. பத்திரிகைக் கோப்புகளை இன்றைக்கே வேறு வட்டுக்கு மாற்றச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன்.