இருட்டுவதற்கு முன் அரை மணி நேரம்: இலையுதிர் காலத்துக்கு எளிய மகிழ்ச்சிகளைத் திட்டமிடுதல்

இலையுதிர் காலம் தொடங்கி மூன்று நான்கு வாரங்கள் கழிந்ததும் என் ஆலோசனை அறையில் அடிக்கடி காதில் விழுவது, "அதற்குள் இருட்டிவிடுகிறது" என்ற பேச்சுதான். வேலை முடிந்து சற்று நடந்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன், அதற்குள் இருட்டிவிட்டது. குழந்தையைப் பூங்காவுக்கு அழைத்துப் போகக் கிளம்பினேன், அதற்குள் இருட்டிவிட்டது. இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். கோடையில் கேட்காமலே கிடைத்துவந்த சின்னச் சின்ன இன்பங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனதை, அவை நின்ற பிறகே உணர்ந்தவர்கள். மனநல ஆலோசகராக ஆண்டுதோறும் இதைப் பார்த்துவருவதால், இந்தப் பருவத்தின் மகிழ்ச்சிக்கு முன்கூட்டியே நாளும் நேரமும் குறித்து வைத்துக்கொள்வது ஏன் தேவை என்பதைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

வடகோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23 அன்றும், தென்கோளத்தில் மார்ச் 20 அல்லது 21 அன்றும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகி, இலையுதிர் காலம் தொடங்குகிறது. பகல் மிகக் குறுகியிருப்பது குளிர்காலத்தின் தொடக்கத்தில்தான் என்றாலும், பகல் மிக வேகமாகக் குறைவது இந்தச் சமநாளை ஒட்டிய வாரங்களில்தான். 50 பாகை அட்சரேகையில் வாழ்பவருக்கு அந்நாட்களில் தினமும் ஏறத்தாழ 4 நிமிடப் பகல் குறைகிறது; ஒரு மாதம் கழிந்தால் 2 மணி நேரத்துக்குச் சற்றே குறைவான வெளிச்சம் போயிருக்கும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாடுகளில் அந்த ஒரே நாளில் மாலை வேளை முழுவதுமே கைவிட்டுப் போனது போலிருக்கும். நம்முடைய அன்றாட ஒழுங்கோ கோடையில் அமைந்தபடியே இருக்கிறது. ஆகவே, ஆறு மணிக்கு நடக்கப் போகும் பழக்கம் சோம்பலால் நின்றது என்று தம்மைத்தாமே குறைசொல்லிக்கொள்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் ஊரில் இப்போது சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது?" என்பதைத்தான். பலருக்கு அதற்கு விடை தெரிவதில்லை.

வெளிச்சத்துக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பு வெறும் கற்பனை அன்று. பார்வைக்குப் பயன்படும் உயிரணுக்களைத் தவிர, ஒளியை நேரடியாக உணர்ந்து உடலின் உள்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் வேறொரு வகை உயிரணுக்களும் விழித்திரையில் இருப்பதை 2002 இல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. விளக்குப் போட்ட அறைக்குள் பெரும்பாலும் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே இருக்கும். மேகம் மூடிய நண்பகலில்கூட, வெட்டவெளியில் அதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும். "வெயிலே இல்லையே, வெளியே போய் என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்கிறேன். காலையிலோ நண்பகலிலோ அரை மணி நேரம் வெளியே இருப்பது, மாலையில் வீட்டு விளக்குகள் அனைத்தையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பயன் தரும்.

இனி, திட்டமிடுதலுக்கு வருகிறேன். மகிழ்ச்சியைத் திட்டமிடுவது செயற்கையாகத் தோன்றுகிறது, அது தானாக வர வேண்டியதல்லவா என்று பலர் தயங்குகிறார்கள். மனம் நன்றாக இருக்கும்போது அது உண்மைதான். மனம் சற்றுத் தாழ்ந்ததும், செய்ய விருப்பம் வரட்டும் என்று காத்திருக்கிறோம். செய்யாததால் மனம் மேலும் தாழ்கிறது. அதனால் விருப்பம் இன்னும் தள்ளிப்போகிறது. இந்தச் சுழலை 1970களில் விளக்கியவர் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லூவின்ஸன். நிறைவு தரும் செயல்கள் குறைவதே மனச்சோர்வை வளர்க்கிறது என்றார் அவர். இன்பம் தரும் எளிய செயல்களின் நீண்ட பட்டியல் ஒன்றையும் அவருடைய குழு சிகிச்சைக்காக உருவாக்கியது. பின்னர் உளவியலாளர் நீல் ஜேக்கப்ஸன் குழுவினர் 1996 இல் வெளியிட்ட ஆய்வு, சோர்வூட்டும் எண்ணங்களை ஆராய்ந்து மாற்றப் பயிற்றும் அறிதிறன் சிகிச்சையில், செயல்களை மீட்டெடுக்கும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடான பலன் தந்ததைக் காட்டியது. விருப்பம் முன்னே வர, செயல் பின்னே வர வேண்டிய கட்டாயமில்லை. செயலைத் தொடங்கி ஐந்து நிமிடம் ஆன பிறகு விருப்பம் மெல்ல வந்து சேர்வதை நான் எத்தனையோ பேரிடம் கண்டிருக்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில், இந்த அறிவை நான் தவறாகப் பயன்படுத்தினேன். சோர்வோடு வந்த ஓர் இளைஞரிடம் ஆர்வமிகுதியால் இருபது செயல்கள் அடங்கிய தாளைக் கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அவர் அதை நான்காக மடித்தபடியே திரும்பக் கொண்டுவந்து, "இதைக்கூடச் செய்ய முடியவில்லை" என்று தலைகுனிந்து நின்றார். இருபது வாய்ப்புகள் அவருக்கு இருபது கடமைகளாகிவிட்டிருந்தன. அன்று முதல், வாரத்துக்கு இரண்டுக்கு மேல் யாரையும் எழுதவிடுவதில்லை. அந்த இரண்டும் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். எதையும் வாங்காமல் தொடங்கக்கூடியதாக இருக்க வேண்டும். கிழமையும் மணியும் இடமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பணி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணியின் தாள் இன்னும் என் நினைவில் இருக்கிறது. (அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) "புதன், பகல் 12, தெருமுனை மரம், மூன்று இலை" என்று மட்டும் அதில் எழுதியிருந்தார். செய்வதற்கு முன், அதிலிருந்து எவ்வளவு மகிழ்ச்சி கிடைக்கும் என்று பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்டேன், ஒன்று போட்டார். செய்து முடித்த பின் அவரே பக்கத்தில் ஐந்து என்று எழுதியிருந்தார். சோர்ந்த மனம் வரப்போகும் இன்பத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும் என்பதால், முன்னும் பின்னும் இப்படி எண் போட்டு ஒப்பிடுவது மிகவும் உதவுகிறது. மூன்று இலைகளையும் இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து, கனமான அகராதியின் அடியில் பத்து நாள் அழுத்தி வைத்திருந்தார். ஒன்று முழு மஞ்சள், ஒன்றில் நரம்போரம் மட்டும் பச்சை மிச்சமிருந்தது, மற்றொன்று அடர்சிவப்பு.

அந்த மூன்று நிறத்துக்கும் காரணம் கேட்டார். குளிர் நெருங்கும்போது மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள சத்துக்களைத் தண்டுக்கும் வேருக்கும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கோடை முழுவதும் பச்சைக்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன. சிவப்போ பல மரங்களில் அந்நாட்களில் புதிதாக உருவாவது. வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் அது நன்றாக ஏறும். இதைக் கேட்டதும், அடுத்த வாரத் தாளில் அதே மரத்தையே மீண்டும் எழுதினார், "எவ்வளவு பச்சை மிச்சம்?" என்ற கேள்வியோடு. ஒரே மரத்தை வாரந்தோறும் ஒரே நேரத்தில் போய்ப் பார்ப்பது, என் அனுபவத்தில், இந்தப் பருவத்துக்கு மிகவும் பொருத்தமான செயல்களில் ஒன்று. பார்ப்பதற்கு ஒவ்வொரு வாரமும் புதிதாக ஏதோ ஒன்று இருக்கும்.

சிறிது மண்ணோ தொட்டியோ உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கிழங்கு ஊன்றுவது. டாஃபடில், டியூலிப் போன்றவற்றின் கிழங்குகளை, அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலே இருக்குமாறு இலையுதிர் காலத்தில் ஊன்றினால் வசந்தத்தில் பூக்கும். அவை பூப்பதற்குப் பல வாரக் குளிர் தேவை. வரவிருக்கும் குளிரை அஞ்சும் ஒருவருக்கு, அதே குளிரை நம்பியிருக்கும் ஏதோ ஒன்று தன் கைபட்ட மண்ணில் இருப்பது நல்ல துணையாக அமைவதைப் பார்த்திருக்கிறேன்.

மாலையை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. சமநாளை ஒட்டி வரும் பௌர்ணமியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். நிலவு சராசரியாக நாளுக்கு 50 நிமிடம் தாமதித்து எழும். நடு அட்சரேகைகளிலோ இந்தப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தத் தாமதம் அரை மணி நேரமாகச் சுருங்கிவிடுவதால், தொடர்ந்து சில மாலைகளில் சூரியன் மறைந்த சற்று நேரத்திலேயே பெரிய நிலவைக் கிழக்கே காணலாம். வெளியே போக இயலாத முதியவர்களுக்கும் கிழக்கு நோக்கிய ஜன்னல் இருந்தால் போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதற்கு விளக்கம் வேண்டியதே இல்லை. நாளைக் குறிக்கும் வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம்.

மழை பெய்தால் திட்டம் கலைந்துவிடும், கலைந்த திட்டம் மனத்தை மேலும் தளர்த்தும். அதனால் ஒவ்வொரு செயலுக்கும் கீழே ஒரு மாற்றையும் எழுதச் சொல்கிறேன்: மழை வந்தால், அதே புதன் பகல் 12 மணிக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைப்பேன் என்பது போல. "இன்னது நேர்ந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்பே முடிவுசெய்தவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம் என்பதைப் பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் விளக்குகின்றன.

இவை எல்லாருக்கும் போதுமானவை என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டுதோறும் இதே பருவத்தில் தொடங்கி வசந்தத்தில் விலகும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோஸன்தால் குழுவினர் 1984 இல் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தார்கள். வழக்கத்தைவிட அதிகத் தூக்கம், மாவுச்சத்து உணவின்மீது மிகுந்த நாட்டம், எதிலும் பிடிப்பின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவுகளையும் பாதித்தால் மருத்துவரைப் பாருங்கள். 10,000 லக்ஸ் விளக்குச் சிகிச்சை உட்படப் பயனுள்ள வழிகள் உள்ளன. கண்நோயோ இருமுனையக் கோளாறோ (மனநிலை அளவுமீறி உயர்ந்தும் தாழ்ந்தும் மாறும் நோய்) உள்ளவர்கள் அந்த விளக்கைத் தாமாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் வாரக்கணக்கு பார்க்காமல் அன்றே உதவி நாட வேண்டும்.

மற்றவர்கள் இன்றிரவே ஒரு சிறிய தாளை எடுத்து, மேலே நாளைய சூரிய மறைவு நேரத்தையும், அதன் கீழே அதற்கு முன்னதாக உங்களுக்குக் கிடைக்கக்கூடிய அரை மணி நேரத்தையும், செய்யப்போகும் ஒரே ஒரு செயலையும் எழுதி, வெளியே கிளம்பும்போது கண்ணில் படும்படி கதவருகே ஒட்டிவையுங்கள்.