பிரேக் பெடல் காலுக்குச் சொல்லும் சேதி

"பெடல் கொஞ்சம் கீழ போகுது அண்ணே."

கொழும்புக்கு அருகே பேலியகொடைப் பக்கம் ஒரு ஸ்டோர்ஸில், காலை ஏழரை மணிக்கு, பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற தம்பி இப்படிச் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கீழ போய் நிக்குதா, போய்க்கொண்டே இருக்குதா?" இரண்டும் ஒரே நோய் இல்லை. ஏன் என்று சொல்ல, வண்டிக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

காரில் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கும். வழக்கமான ஃபோர்க்லிஃப்ட்டில் முன் சக்கரங்கள் இரண்டில் மட்டும்தான். பின் சக்கரங்கள் திரும்புவதற்கு. இது சிக்கனத்துக்காகச் செய்த வேலை இல்லை. முழுப் பாரத்தைத் தூக்கி நிற்கும்போது மொத்த எடையில் 85 வீதத்துக்கு மேல் முன் சக்கரங்களில்தான் உட்காரும். பிடிப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதானே பிரேக்கும் இருக்கவேண்டும்? ஆனால் பாரத்தை இறக்கிவிட்டால் கதை மாறிவிடும். வெறும் வண்டியில் பாதிக்கு மேற்பட்ட எடை பாரத்துக்கு ஈடாகப் பின்னால் வைத்துள்ள எதிரெடைப் பக்கம் போய்விடும். அதனால்தான் மழை நாளில் ஈரத் தரையில் வெறும் வண்டியை ஓங்கி மிதித்தால் முன் டயர் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. பாரத்தோடு ஓங்கி மிதித்தாலோ, பாரம் தூக்கும் இரும்புக் கரங்களான முள்ளில் கட்டாமல் இருக்கும் பலட், அதாவது சாமான் அடுக்கிய தட்டு, முன்னால் வழுக்கிப் போகும். வண்டி நின்றுவிடும், சாமான் நிற்காது.

நிறுத்தவேண்டிய சக்தி எவ்வளவு? 2.5 தொன் தூக்கும் டீசல் வண்டி தானே ஏறக்குறைய 4 தொன் எடை. பாரத்தோடு 6.5 தொன். மணிக்கு 10 கிலோமீற்றரில் போகும்போது அதன் இயக்க சக்தி 25,000 ஜூல் அளவு. வேகத்தை 20 ஆக்கினால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு: ஒரு இலட்சம். இவ்வளவும் பிரேக்கில் வெப்பமாக மாறவேண்டும். முன் சக்கரங்களோடு சுழலும் இரும்புக் கிண்ணங்களான இரண்டு ட்ரம்மும் சேர்ந்து 20 கிலோ இரும்பு என்று வைத்தால், 10 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு தடவை நிறுத்த வெப்பநிலை 3 பாகைகூட ஏறாது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஓட்டுநரின் கால் 20 கிலோ எடை அளவுக்கு அமுக்குகிறது என்று வைப்போம். பெடல் ஒரு நெம்புகோல். 5 மடங்கு பெருக்கினால் 100 கிலோ. அது, பிரேக் ஒயிலை அழுத்தும் மாஸ்டர் பம்பில் 19 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. உள்ளே ஏற்படும் அழுத்தம் சுமார் 35 பார். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னது இங்கேதான் சோறு போடுகிறது. குழாய் வழியே போகும் அதே அழுத்தம் சக்கரத்தில் உள்ள வீல் சிலிண்டரில் 28.5 மில்லிமீற்றர் பிஸ்டனைத் தள்ளும்போது ஒவ்வொரு பிஸ்டனுக்கும் 230 கிலோ அளவு கிடைக்கிறது. பிஸ்டன், ட்ரம்முக்குள் இருக்கும் வளைந்த தகடுகளான ஷூவை விரிக்க, ஷூவில் உள்ள உராய்வுப் பட்டையான லைனர் சுழலும் ட்ரம்மில் உரசுகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: சுழலும் ட்ரம் தானே லைனரைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். வண்டி ஓடுகிற வேகமே பிரேக்குக்கு உதவி செய்கிறது.

சரி, இப்போது அந்தத் தம்பியின் பெடல். பெடல் வழமையை விடக் கீழே போய் அங்கே உறுதியாக நின்றால், லைனர் தேய்ந்து ட்ரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடிவிட்டது. பல மாடல்களில் பின்னோக்கி ஓடும்போது பிரேக் மிதித்தால் இந்த இடைவெளி தானாகச் சரியாகும் பொறி இருக்கிறது. துருப்பிடித்தால் அது வேலை செய்யாது. மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் எயார். திரவம் அமுங்காது, காற்று அமுங்கும், காலின் உழைப்பு குமிழியைச் சுருக்குவதில் போய்விடும். காலை ஒரே அளவில் வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் பம்பில் ஒயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் உள்ளே கசிகிறது, அல்லது எங்கேயோ வெளியே ஒழுகுகிறது. இந்த மூன்றாவது வகை என்றால் வண்டியை அன்றைக்கு எடுக்கவே கூடாது. எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, பிறகு பேசலாம்.

பிரேக் ஒயில் டப்பாவைப் பார்ப்பது அடுத்த வேலை. புது ஒயில் தெளிவாக இருக்கும். பழசு பிளேன் டீ நிறத்துக்கு வந்துவிடும். அளவு மெல்ல மெல்லக் குறைந்தால் உடனே கசிவு என்று பயப்படவேண்டாம்: லைனர் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஒயில் நிரப்பும். இது தெரியாமல் மாதா மாதம் மேலே ஊற்றிக்கொண்டே வருபவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் புது லைனர் போட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து கீழே ஊற்றும், பெயின்ற் உரியும்.

ஒயில் மாற்றச் சொன்னால் கொதிநிலை பற்றிப் பலர் பேசுவார்கள். டொட் 3 என்ற வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காது. 3.7 வீதம் தண்ணீர் ஏறிவிட்டால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். மலைப்பாதையில் இறங்கும் லொறிக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். சமதளத்தில் மெதுவாக ஓடும் ஃபோர்க்லிஃப்ட்டில் ஒயில் கொதிப்பது அபூர்வம். கொழும்பில் உண்மையான எதிரி துரு. இந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்தத் தண்ணீர் சிலிண்டரின் உள்சுவரைக் குழி குழியாக அரிக்கும், குழியின் விளிம்பு ரப்பர் கப்பைக் கிழிக்கும். சில வண்டிகளுக்கு மினரல் ஒயில்தான் ஊற்றவேண்டும். இரண்டையும் கலந்தால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும், மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஊற்றக்கூடாது.

ட்ரம்மைக் கழற்றும் நாளில் இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதம். உள்ளே உள்ள தூசியை எயார் அடித்து ஊதவே கூடாது. பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைத்து எடுக்கவேண்டும். மற்றது, கசிவைத் தடுக்கும் ஒயில் சீல் போய், அச்சுக்குள் இருக்கும் டிஃபரென்ஷியல் கியரின் ஒயிலில் ஊறிய லைனரைப் பெற்றோலில் கழுவிக் காய வைத்து மறுபடி போடும் பழக்கம். லைனர் நுண்துளை உள்ள பொருள். மேலே காய்ந்தாலும் உள்ளே ஒயில் இருக்கும், சூடானதும் வெளியே வரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சீலையும் மாற்றி, இரண்டு பக்க லைனரையும் சேர்த்தே மாற்றவேண்டும். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒரு நடை போனால் கிடைக்காதது இல்லை.

கிளட்ச் இல்லாத ஓட்டோ கியர் வண்டியில் இடது பக்கப் பெடலையும் மறக்கக்கூடாது. அதை மெல்ல மிதித்தால் கியர் விடுபடும், மேலும் மிதித்தால் பிரேக் பிடிக்கும். முள்ளை உயர்த்திக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர அது உதவும். அதன்மேல் நாள் முழுக்கக் காலை வைத்தபடி ஓட்டினால் லைனர் லேசாக உரசி உரசியே தீர்ந்துபோகும்.

பற்றரி வண்டிகளில் எனக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது. அங்கே அக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். லைனர் அப்படியே புதுசாக இருக்கும். ஆனால் ஒரு தடவை ட்ரம்மைத் திறந்தபோது வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவில் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை. தேய்ந்து கெட்ட பிரேக்கைப் பார்த்திருக்கிறேன். பயன்படுத்தாமலே கெட்டதை அன்றுதான் பார்த்தேன்.

எல்லாம் பூட்டி, எயார் எடுத்து, பெடல் உயரம் பார்த்த பிறகு, காலியான இடத்தில் முன்னும் பின்னுமாக நான்கைந்து தடவை ஓட்டி மிதிக்கச் சொல்வேன். கடைசியாகச் சாய்வான இடத்தில் ஹேன்ட் பிரேக். மீதமிருக்கும் அரைப் போத்தல் ஒயிலை ஸ்டோர்ஸ்காரர் அலுமாரியில் எடுத்து வைக்கப் பார்ப்பார். திறந்த போத்தல், அடுத்த சர்வீஸுக்குள் ஈரம் குடித்துவிடும். வாங்கி வேறாக ஒதுக்கி வைத்துவிடுவேன், அவர் முகம் கோணினாலும்.